ஏன் இறந்தாள்? எத்தனை பெற்றாள்? – வடசென்னைத் தாய்மை ஆய்வுகளின் தடம்

முன்னுரை

வடசென்னைக் காத்திவாக்கத்தின் நெட்டுக்குப்பத்தில் ஒரு பெண் நாள் தள்ளிப்போனது தெரிந்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், முதலில் அவளுக்குக் கிடைப்பவை கர்ப்பத்தைப் பதிவு செய்யும் ஒரு பிக்மி (PICME) எண்ணும் ஓர் அட்டையும். கடைசி மாதவிடாய்த் தேதி, பிரசவத்துக்குக் குறித்த தேதி, எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தடுப்பூசி, சத்து மாத்திரை என்று கட்டம் கட்டமாக அந்த அட்டை நிரம்பும். பிரசவம் முடிந்ததும் குடும்பக் கட்டுப்பாடு பற்றி நர்ஸம்மா கேட்பார். அந்தப் பதிலுக்கும் ஒரு கட்டம் உண்டு.

ஒவ்வொரு கட்டத்தையும் ஏதோ ஒரு காலத்தின் ஆய்வு அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. தாய்மை குறித்து மதராஸ் மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் நடந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால், இரண்டு கேள்விகள் மாறி மாறி முன்னுக்கு வந்திருப்பது தெரிகிறது. ஒன்று, ‘இவள் ஏன் இறந்தாள்?’ மற்றொன்று, ‘இவள் எத்தனை பெற்றாள்?’ முதற்கேள்வி கேட்கப்பட்ட காலங்களில் பெண்ணின் உடல் கவனிப்பைப் பெற்றது. இரண்டாவது கேள்வி ஓங்கிய காலங்களில் அந்த உடல் கணக்கில் ஓர் எண்ணாகச் சுருங்கியது. இந்த மாற்றத்தின் வரலாற்றைத் தொடர்ந்து, காத்திவாக்கம் இன்று கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வியை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவச்சியிலிருந்து மருத்துவமனைக்கு

மதராஸில் பிள்ளைப்பேற்றுக்கென்று தனி மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் மூலம் அதுதான். ஆண் மருத்துவர் முன் வர மறுத்த பெண்கள் வீட்டிலேயே இறந்துகொண்டிருந்த காலம் அது. 1875-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது உள்ளே நுழைந்தவர்களில் ஒருவரான மேரி ஷார்லிப், 1885-இல் கோஷா என்னும் திரைமறைவு வழக்கத்தைப் பின்பற்றிய பெண்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்றும் முதியவர்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அது.

வடசென்னைக்கு 1880-இல் இராயபுரத்தில் ராஜா சர் இராமசாமி முதலியார் பெயரிலான மகப்பேறு மருத்துவமனை வந்தது. துறைமுகக் கூலிகள், மீனவர்கள், ஆலைத் தொழிலாளிகள் வீட்டுப் பெண்கள் ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’ என்ற நான்கு எழுத்தால் அறியும் இடம் இதுதான். எண்ணூர் பக்கத்துக் குப்பங்களில் பிரசவம் சிக்கலாகிவிட்டால் இன்றும் வாயில் வரும் பெயர்களில் ஒன்று அது. 1926-ஆம் ஆண்டின் மதராஸ் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பயிற்சி பெற்றவர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 1939-ஆம் ஆண்டின் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய் சேய் நலத்தை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக எழுதிவைத்தது. கட்டடமும் சட்டமும் இருந்தும் தாய்மார் ஏன் இறந்தார்கள் என்பதை அறிய ஆய்வு தேவைப்பட்டது.

முதற்கேள்வி: ஏன் இறந்தாள்?

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், இந்திய ஆய்வு நிதிச் சங்கத்தின் தாய் மரண விசாரணைக்காகப் பம்பாய் வந்தார். ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகளிடம் ஒருவகைக் கடும் இரத்தச்சோகை காணப்பட்டது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. நோய்க்கிருமியைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அந்தப் பெண்களின் அடுப்படியை நோக்கித் திரும்பினார். யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், பழமும் கீரையும் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கணக்கெடுத்தார். எவ்வளவு ஏழையோ அவ்வளவு சோகை என்பது தெளிவாயிற்று. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் விலங்குகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் என்ற மலிவுப் பண்டம் அந்தச் சோகையைத் தீர்த்ததை 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

அதே 1931-இன் தொடக்கத்தில் அவர் பணியாற்றிய இடம் மேரி ஷார்லிப் தொடங்கிய அதே திருவல்லிக்கேணி மருத்துவமனை. ஈஸ்டில் இருந்த அந்தப் பெயரறியாப் பொருள் ‘வில்ஸ் காரணி’ என்று அழைக்கப்பட்டது. அதுவே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. 1940களின் நடுவில் அதைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

வில்ஸ் சோகையைத் துரத்திய அதே ஆண்டுகளில் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் மதராஸ் நகரின் தாய் மரணக் காரணங்களை விசாரித்தார்; அந்த அறிக்கை 1933-இல் வந்தது. பேறுகால வலிப்பில் இறந்துகொண்டிருந்தவர்களுக்காக மருத்துவர் எம்.கே. கிருஷ்ண மேனன் வகுத்த மருந்துக் கலவை முறை 1961-இல் வெளியாகி, மெக்னீசியம் சல்பேட் ஊசி நிலைபெறும்வரை நாடெங்கும் மகப்பேறு அறைகளில் வழக்கில் இருந்தது. இவர்கள் யாவரும் தொடங்கிய இடம் ஒன்றே: படுக்கையில் கிடந்த ஒரு பெண்.

இந்த வரலாறு இன்று காத்திவாக்கத்து வீடுகளில் ஒரு மாத்திரை அட்டையாக இருக்கிறது. இரும்புச்சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வாங்கிய மாத்திரை எல்லாம் வயிற்றுக்குள் போவதில்லை. வாயில் இரும்பு வாடை, குமட்டல், மலச்சிக்கல், கறுத்துப்போகும் மலம் என்று பயந்து, அலமாரியிலேயே அட்டையை விட்டுவிடுகிறார்கள். மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது என்பதைப் பொறுமையாகச் சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடப் பழக்கிய செவிலியர்களின் உழைப்பு எந்த அறிக்கையிலும் வருவதில்லை. 2019–21-இன் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருப்பதாகச் சொல்கிறது. வில்ஸ் கண்ட தீர்வு கையருகே வந்த பிறகும், அவர் கேட்ட அடுப்படிக் கேள்வி பாதிப் பெண்களின் வீட்டில் தீராமல் நிற்கிறது.

இரண்டாவது கேள்வி: எத்தனை பெற்றாள்?

கருத்தடை பற்றிய பேச்சு மதராஸில் மிகப் பழையது. 1882-இலேயே இங்கே, மக்கள்தொகைப் பெருக்கமே வறுமைக்குக் காரணம் என்ற மால்தூஸின் வழியில், இந்து மால்தூசியச் சங்கம் தோன்றியது. ‘தத்துவ விவேசினி’ நடத்திய சுதந்திரச் சிந்தனையாளர்களின் காலம் அது. 1920களின் இறுதியில் வந்த மதராஸ் புதிய மால்தூசியச் சங்கத்தில் படித்த உயர்குடியினர் நாட்டின் ஏழ்மை, மக்கள்தொகை ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கருத்தடையை ஆதரித்தனர்.

பெரியாரின் வாதம் இவர்களிடமிருந்து அடிப்படையிலேயே விலகியது. உடல்நலத்துக்காகவோ நாட்டின் பொருளாதாரத்துக்காகவோ கர்ப்பத்தடை வேண்டும் என்பவர்களிடமிருந்து தம்மைப் பிரித்துக்கொண்டு, பெண் விடுதலை பெற அது வேண்டும் என்றார் அவர். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்குத் தனி அத்தியாயமே உண்டு. பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண் தீர்மானிக்க வேண்டும் என்ற கருத்தை உலகம் 1994-இன் கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டில்தான் கொள்கையாக ஏற்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அது தமிழில் எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் நாட்டு விடுதலைக்குப் பின் அரசு எடுத்துக்கொண்டது பெரியாரின் வாதத்தை அன்று, மால்தூசியரின் கணக்கை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி, ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் பெற்றவள் மீண்டும் பெறுவதை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்ற பொருளில் ஒரு கலைச்சொல்லாக்கினார். சொல்லை உற்றுப் பாருங்கள். குறை தாயின்மீது விழுகிறது. தகப்பன் அந்தச் சொல்லுக்குள்ளேயே இல்லை. அவர் பின்னர் மதராஸ் மாநிலத் தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பகுதியில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் உதவித்தொகை என்ற முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. ஆள் பிடித்து வருபவருக்கும் பணம் தரப்பட்டது. ஊக்கத்தொகை முறையில் நாட்டுக்கே முன்னோடியாக நின்றது மதராஸ்.

அந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சைக்குப் பெருமளவில் வந்தவர்கள் ஆண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வாசெக்டமியில் மதராஸ் முன்னணியில் இருந்தது. 1975–77 அவசரநிலைக் காலக் கட்டாயங்கள் அந்த வழியை அடைத்தன. ஆண்களைத் தொட அரசுகள் அஞ்சின. சுமை முழுவதும் பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

குப்பங்களில் ‘ஆபரேஷன்’ என்றாலே அது பெண்ணுக்குத்தான். ஆம்பளை ஆபரேஷன் பண்ணிக்கிட்டா வலை இழுக்க முடியாது என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. தழும்பில்லாத வாசெக்டமி சில நிமிட வேலை, தையல்கூட வேண்டாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். ஆறிய காயத்தோடு தலையில் மீன்கூடை சுமந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் நடப்பவளும் அவளே. அவளுடைய பலத்தைப் பற்றி யாரும் அச்சப்பட்டதில்லை.

எண்ணிக்கை நோக்கில் பார்த்தால் திட்டம் வென்றது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2.1 என்ற ஈடுசெய் அளவை ஒட்டி வந்துவிட்டது, ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் அது 1.8. பெண் கல்வி, சத்துணவு, குழந்தை இறப்புக் குறைவு ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. இலக்கு வைத்துப் பெண்களைச் சேர்த்த முறை 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் கைவிடப்பட்டது.

முதற்கேள்வியின் மீட்சி

1990களின் நடுவிலிருந்து தமிழ்நாடு பழைய கேள்விக்குத் திரும்பியது. ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிவு செய்து, இறந்தவளின் வீட்டுக்கே போய்க் கணவனிடமும் தாயிடமும் கேட்டு, வலி எப்போது வந்தது, வண்டி எப்போது வந்தது, எந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எழுதும் முறை உருவானது. 2004-இல் அது கட்டாயமாக்கப்பட்டது. தீர்மானிப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சிகிச்சை கிடைப்பதில் தாமதம் ஆகிய மூன்றும் இந்த விசாரணையில் பெயரோடும் மணியோடும் வெளிவந்தன.

அதனோடு சேர்ந்து இயங்கியவை பல. மூன்று செவிலியர்களுடன் 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண், 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ், 300 ரூபாயில் தொடங்கி 18,000 ரூபாய் வரை வளர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 2001–03-இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20-இல் 54 ஆனது. எட்டு இலக்க மக்கள்தொகையைக் காட்டிலும் ஒரு தனி மரணத்தைக் கூர்ந்து பார்த்தது அதிக உயிர்களைக் காத்திருக்கிறது.

இந்த வெற்றிக்குள்ளேயே புதிய கவலையும் இருக்கிறது. ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. கத்தி தேவைப்பட்டவர் எத்தனை பேர், தேவையில்லாமல் கத்தி பட்டவர் எத்தனை பேர் என்பதையும் இதே கூர்மையுடன் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: எந்தக் காற்றில் சுமந்தாள்?

காத்திவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அனல்மின் நிலையமும் சாம்பலும், உரமும் பெட்ரோலியமும், துறைமுகத்து நிலக்கரியும் அதற்கு முன்பே வந்துவிட்டன. கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தேடும் பெண்கள் அந்த நீரில்தான் நிற்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

இந்தக் காற்று கருவை என்ன செய்யும் என்று கேட்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, சென்னையிலும் கிராமப்புறத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டது. காற்றிலுள்ள நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது; எடை குறைந்த பிறப்புக்கான வாய்ப்பு 2 விழுக்காடு கூடுகிறது. நான்கு கிராம் என்பது ஒரு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு குழந்தைக்கு அது சிறிது. ஓர் ஊரின் எல்லாக் குழந்தைகளிடமிருந்தும், தலைமுறைக்குத் தலைமுறை எடுக்கப்படும்போது அது சிறிதன்று.

முடிவுரை

லூசி வில்ஸ் நோயைக் கிருமியில் தேடி, பின் அடுப்படிக்கு வந்தார். தாய் மரண விசாரணை மருத்துவமனையை விட்டு இறந்தவளின் திண்ணைக்கு வந்தது. ஆய்வு பெண்ணின் வாழ்விடத்தை நெருங்கிய ஒவ்வொரு முறையும் ஒரு விடை கிடைத்தது. காத்திவாக்கத்தில் அது நெருங்க வேண்டிய அடுத்த இடம் காற்றும் ஆறும்.

புதிதாகக் கருவி எதுவும் தேவையில்லை. காத்திவாக்கம் நகராட்சிக் கல்யாண மண்டபம் காற்றின் தரம் அளக்கும் தேசியப் பட்டியலில் உள்ள இடம். அதே ஊரில் ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி எண்ணோடும் முகவரியோடும், ஒவ்வொரு குழந்தையும் பிறப்பு எடையோடும் பதிவாகின்றன. மண்டபத்தின் காற்றுக் கணக்கையும் நர்ஸம்மாவின் பதிவேட்டையும் ஒரே மேசையில் விரித்து, குப்பம் குப்பமாக, மாதம் மாதமாகப் பொருத்திப் படிக்கும் பணியை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர்கூடத் தம் ஆய்வேடாக எடுத்துக்கொள்ள முடியும். நெட்டுக்குப்பத்துப் பெண்ணின் அட்டையில் ஒரு கட்டம் கூடட்டும்.