நாள் குறித்துப் பெறுகிற பிள்ளைகள்

வலி கண்ட பிறகுதான் மருத்துவச்சி வீட்டுக்கு ஆள் போகும். தென்காசி, இலஞ்சி, மேலகரம், வல்லம் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் முன்பெல்லாம் அதுதான் வழக்கம். வந்ததும் அவள் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்வாள். சூட்டு வலி என்றால் அடங்கும், பேறுகால வலி என்றால் கூடும். அடங்கிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். பெரும்பாலும் முடிதிருத்துகிற குடும்பத்துப் பெண்கள். கூலி நெல்லும் ஒரு சேலையும். பிள்ளையைக் கையில் வாங்குகிற வரை உள்ளறையில் வைத்துக்கொண்டு, காரியம் முடிந்ததும் அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய வீடுகள் இருந்தன. அதையும் சேர்த்துச் சொல்லாமல் அவர்கள் கதையைச் சொல்லக் கூடாது.

நான் பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். என்னோடு வேலை பார்த்த ஆயாக்களில் சிலர் அந்தக் குடும்பங்களில் வந்தவர்கள். பிள்ளை அழாமல் பிறந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள் என்று அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழஞ்சேலைத் துணியால் துடைப்பார்கள், முதுகைத் தேய்ப்பார்கள், உள்ளங்காலைச் சுண்டுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார்கள், முகத்தில் பச்சைத் தண்ணீர் தெளிப்பார்கள். கடைசி இரண்டும் தவறு. ஈரம் பச்சைப்பிள்ளையின் சூட்டை இறக்கிவிடும். குற்றாலச் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் கேட்கவே வேண்டாம். ஆனால் துடைப்பதும் தேய்ப்பதும் சுண்டுவதும் 2009-ல் மத்திய அரசு தொடங்கிய பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியில் எங்களுக்கே பாடமாக வந்தன. அதற்கும் மூச்சு வராவிட்டால் ‘அம்பு பேக்’ என்கிற மூச்சூட்டும் பையைப் பிடித்து அழுத்த வேண்டும். அந்தப் பையே 1956-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது இல்லாமல் எத்தனை பிள்ளைகள் மூச்சுக்குத் தவித்துப் போயிருக்கும்! பிள்ளை குறுக்கே கிடந்தாலோ நஞ்சுக்கொடி முந்திக்கொண்டாலோ தாயும் சேர்ந்து போனாள். பழைய காலமே மேல் என்று என்னால் சொல்ல முடியாது.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது. சிக்கலான கேஸ் என்றால் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக அந்தக் கல்லூரியின் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 108 ஆம்புலன்ஸ் 2008-ல்தான் வந்தது. அப்புறம் உள்ளூரிலேயே சிசேரியன் என்றானது. கத்தி காப்பாற்றிய தாய்மாரை என் கையாலேயே வார்டுக்குத் தள்ளி வந்திருக்கிறேன். எனக்கு மனசு தாங்காதது வேறு: அவசரம் எதுவும் இல்லாமல், வலியும் காணாமல், சோசியர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துப் பிள்ளையை எடுப்பது.

காரணம் பிள்ளையின் மூச்சு. கர்ப்பத்தில் பிள்ளையின் நுரையீரலுக்குள் நீர்தான் இருக்கிறது; அதை நுரையீரலே சுரக்கிறது. வலி தொடங்கியதும் பிள்ளையின் உடம்பில் அட்ரினலின் பெருகுகிறது. அது வந்ததும் நுரையீரல் சுரப்பதை விட்டுவிட்டு நீரை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. பிறப்பு வழியில் நெஞ்சு அமுங்கித்தான் நீர் வெளியேறுகிறது என்று முன்பெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பங்கு கொஞ்சம்தான். அதனால்தான், வலி கண்டபின் ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை பெரும்பாலும் நன்றாகவே மூச்சு விடுகிறது. வலியே காணாமல் எடுத்ததில் சில பிள்ளைகளுக்கு அந்த நீர் தங்கிவிடும். நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கும், மூக்கு விடைக்கும், முனகும், விலா உள்ளே இழுக்கும். 1966-ல் மேரி எல்லன் ஏவரியும் அவரோடு இருந்தவர்களும் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அந்த மூன்று நாளும் பிள்ளை ஆக்சிஜனில் கிடக்கும். தாய் தையல் வலியோடு மார்பில் பால் கட்டிப்போய் வேறு வார்டில் கிடப்பாள். அதை ‘சரியாகிவிடும்’ என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு வராது.

நாழிகை பார்த்துப் பிள்ளை பெறுகிற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழரின் தாய் கமலவதி, ஒரு நாழிகை தள்ளிப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆளும் என்று சோதிடர் சொன்னதைக் கேட்டுத் தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறாள். கண் சிவந்த பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் அவள் உயிர் போகிறது. அந்தத் தாய் வந்த வலியைத் தள்ளிப் போட்டாள். நாம் வலி வருமுன்னே முந்திக்கொள்கிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. இதில் நாள் குறித்தவை எத்தனை என்று அந்தக் கணக்கு பிரிப்பதில்லை. எத்தனையாவது வாரத்தில் எடுக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். 2008-ல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று 34,000 பிரசவங்களைப் பார்த்தது. நாள் குறித்த சிசேரியனில் மூச்சுக் கோளாறு வரும் வாய்ப்பு, சுகப் பிரசவத்துக்குக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், 37-வது வாரத்தில் நான்கு மடங்கு, 38-ல் மூன்று, 39-ல் இரண்டு.

வார்டில் இருந்தபோது, சீட்டோடு வருகிற மாமியார்களிடம் வாரக் கணக்கைத்தான் முதலில் கேட்பேன். “சோசியர் சொன்னது சரியாவே இருக்கட்டும் ஆச்சி. 39 வாரம் முடிஞ்ச பிறகு ஒரு நாளாப் பார்த்துக் கேளுங்க. ஒரு நாளைக்குப் பன்னெண்டு லக்னமும்தான் வந்து போகுதே” என்பேன். சோசியரிடம் திரும்பிப் போய்ச் சீட்டை மாற்றி வாங்கி வந்தவர்கள் உண்டு. கோபித்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரி தேடிப் போனவர்களும் உண்டு.