தற்காப்புப் பயிற்சி: யாரிடம் கற்பது, எதைக் கற்பது?

டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளையின் கையை வழியில் ஒருவன் பிடித்து இழுத்தால் அவள் என்ன செய்வாள்? இந்தக் கேள்வி எழுந்ததும் நம் வீடுகளில் பலர் எடுக்கும் முடிவு, டியூஷனை நிறுத்துவது. பெற்றோரின் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தில் பறிபோவது பிள்ளையின் படிப்பு.

உடல் பலத்தை மார்க்கம் ஒதுக்கவில்லை. பலவீனமான முஃமினைவிடப் பலமுள்ள முஃமின் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவர் என்ற கருத்திலுள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) பார்ப்பதற்கு நபி (ஸல்) அவர்களே துணை நின்றதை புகாரியில் காணலாம். முகத்தில் அடிப்பதை நபியவர்கள் தடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முகத்தைக் குறிவைக்கும் போட்டிகளை உலமாக்கள் கண்டிப்பது இதனால்தான்.

சரி, நல்ல ஆசிரியர் முதலில் எதைக் கற்றுத் தருவார்? அடிப்பதை அல்ல, தப்பிப்பதை. மணிக்கட்டை ஒருவன் பிடித்தால், அவன் பிடியில் பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. பயத்தில் எல்லோரும் நேராகப் பின்னால் இழுப்பார்கள், கை வராது. முழங்கையை மடக்கி, அவன் பக்கம் ஓர் அடி நெருங்கி, அந்த இடைவெளியை நோக்கிக் கையைத் திருப்பி வெடுக்கென இழுத்தால் விடுபடும். உடனே சத்தம் போட்டுக்கொண்டே ஆட்கள் இருக்கும் பக்கம் ஓட வேண்டும். படிக்க எளிதாக இருக்கிறது. எதிரில் நிற்பவர் உண்மையாகவே இறுக்கிப் பிடிக்க, பலமுறை செய்து பழகியவருக்குத்தான் பதற்றத்திலும் இது வரும். வீடியோ பார்த்துக் கற்றால் போதாது என்று சொல்வது இதற்காகத்தான். கை தவறாகத் திரும்பினால் ஃபோன் திருத்தாது.

ஜூடோவில் முதல் பாடமே விழுவது எப்படி என்பது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் மோதாமல், உள்ளங்கையோடு முழுக்கையாலும் தரையைத் தட்டி விழப் பழக்குவார்கள். நம் சிலம்பத்திலும் கம்பு சுழற்றும் வேகத்தைவிடக் காலடிதான் அடிப்படை. முதல் வாரமே கத்தியைப் பறிக்கக் கற்றுத் தருகிறேன் என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். கத்தி நீட்டப்பட்டால் செல்ஃபோனையோ சங்கிலியையோ கொடுத்துவிட்டு விலகச் சொல்பவரே அனுபவசாலி.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்ப்பதைத் தடுக்கும் இடம் வேண்டவே வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியை இருக்கிறாரா, காயம் பட்டால் முதலுதவி உண்டா, சோடி சேர்ந்து பழக வைக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டே போகும் வகுப்புகளும் உண்டு. கராத்தேயில் குனிந்து வணங்கும் வழக்கம் பற்றித் தயங்குவோர் சேரும்போதே ஆசிரியரிடம் பேசிவிடுவது நல்லது.

ஆண் பிள்ளைகளுக்குச் சட்டத்தையும் சொல்லிக் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அவை இடம் தரவில்லை. ஆபத்து நீங்கிய பிறகு கோபத்தில் அடிப்பவன் குற்றவாளியாக நிற்பான். பள்ளிக்கூடத்தில் வித்தை காட்ட இறங்கும் பையனுக்கு இது முன்பே தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களே: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், சில நேரம் பாடம் சொல்லித் தருபவர். அங்கே பிடியை விடுவிக்கும் வித்தையைவிட, 'உம்மா, அவர் இப்படிச் செய்தார்' என்று பயமில்லாமல் சொல்ல வீட்டில் இடம் இருப்பதே முக்கியம். குடும்ப மானம் போய்விடும் என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. இந்த எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கி வையுங்கள்.