எழுதுமுன் எழுந்த நூல்

கவிதை பெரும்பாலும் முதல் வரியில் பிறக்கிறது. ஒரு சொல் அடுத்த சொல்லைத் தானே அழைத்து வருகிறது. செய்தி நூலின் பிறப்பு அத்தகையதன்று. எது அடங்கும், எது அடங்காது, எதற்கு எவ்வளவு இடம் என்பன முன்னரே வரையறுக்கப்படாவிடின் அது நடுவழியில் நின்றுவிடும். இவ்வுண்மைக்குத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1910ஆம் ஆண்டிலேயே ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வெளிவந்துவிட்டது. அது தனியொருவர் பல்லாண்டு திரட்டிய செல்வம். புராண, இலக்கியச் செய்திகள் அதில் மிகுதி. புதிய அறிவியல் உட்பட எல்லாத் துறைகளையும் தழுவும் நூலோ ஒருவர் கையில் அடங்காதது. தமிழில் அறிவியலை எழுத இயலுமா என்ற ஐயம் கற்றோரிடையே நிலவிய காலத்தில், சென்னை மாகாணக் கல்வியமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்ந்தவர் பெரியசாமித் தூரன். அவர் கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர், கணிதம் பயின்று ஆசிரியப்பணி ஆற்றியவரும் ஆவார்.

அகரவரிசையில் அமையும் நூலுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘அணு’ முதல் தொகுதியிலேயே வந்தாக வேண்டும். ‘வேதியியல்’ இறுதியில் வரும். முன்னதில் ஆளப்பட்ட கலைச்சொல் பின்னதில் மாறுமானால் படிப்போர் திகைப்பர். முதல் தொகுதி அச்சேறிய பின் விடுபட்ட தலைப்பை அதனுள் புகுத்தவும் இயலாது. ஆகவே, முதற்கட்டுரை அச்சேறுமுன்பே கடைசித் தொகுதியின் தலைப்புகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தலைப்புப் பட்டியல், ஒவ்வொன்றன் அளவு, எழுதத்தக்க அறிஞர், பொதுவான சொல்லாட்சி ஆகிய நான்குமே அத்தகைய நூலின் கால்கோள். திட்டம் தவறின் பழி நூலோடு நில்லாது. தமிழால் இயலாது என்றோர் வாய்க்கு அதுவே சான்றாகிவிடும்.

முதல் தொகுதி 1954இலும் ஒன்பதாம் தொகுதி 1963இலும் வெளிவந்தன. அதன் பின்னும் பணி முற்றுப்பெறவில்லை. 1968இல் பத்தாம் தொகுதி இணைப்பாக வந்து, இடைக்காலத்தில் வளர்ந்த செய்திகளையும் விடுபட்டவற்றையும் ஏற்றுக்கொண்டது. இதனைத் திட்டத்தின் தோல்வி என்பது பொருந்தாது. பிரான்சில் தீதரோ 1750இல் வெளியிட்ட அறிவிப்பு ஏறத்தாழப் பத்துத் தொகுதிகளையே உறுதி கூறிற்று. 1772இல் பணி நிறைவெய்தியபோது அவை இருபத்தெட்டாகப் பெருகியிருந்தன. அறிவு திட்டத்தை மீறி வளரும். நல்ல திட்டம் அவ்வளர்ச்சிக்கு இடம் விட்டு வைக்கும்.

பெருநூலுக்கு உரிய இந்நெறி சிறுநூலுக்கும் உரியதே. கணியம்பாடியில் கவிதை வளர்க்கும் அன்பருள் ஒருவர் நாளை சவ்வாது மலையைப் பற்றி நூலெழுத முனையலாம். மலையாளி மக்களின் வழக்காறும், சாமை விளையும் சரிவும், காவலூர் வானாய்வகமும் ஒரே நூலுள் எம்முறையில் அமரும் என்ற வினா அவர்முன் எழும். அதற்கு விடையாக ஒரு பக்க அளவில் தலைப்புகளை வரிசைப்படுத்தி, இறுதியில் சிறிது வெற்றிடமும் விட்டு வைப்பாராயின், அந்நூல் பாதி எழுதப்பட்டுவிட்டது எனலாம்.