ஃபாக்னர், வில்லியம் (1897–1962)

அமெரிக்க ஐக்கிய நாட்டு நாவலாசிரியர். மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதியிலுள்ள நியூ ஆல்பனி என்னும் சிற்றூரில் 1897 செப்டம்பர் 25இல் பிறந்தார். ஐந்து வயது நிரம்பும் தறுவாயில் பெற்றோருடன் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்து, பிற்பாடு எங்கெங்கோ சென்றுவந்தபோதிலும் அந்நகரையே தம் வாசஸ்தலமாகக் கொண்டு, அதையும் அதைச் சூழ்ந்த பருத்தி வயல்களையும் உருமாற்றித் தம் சிருஷ்டியில் ஒரு தனி உலகமாக நிலைநிறுத்திய இவருக்கு, 1949ஆம் ஆண்டுக்குரிய நோபல் இலக்கியப் பரிசு வழங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில மொழியில் நாவல் எழுதியோருள் இவருக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கவர் ஜேம்ஸ் ஜாய்ஸ் ஒருவரே.

இவருடைய கலையின் ஊற்றுக்கண்ணைத் தேடுவோர் முதலில் அறியவேண்டுவது இவருடைய கொள்ளுப்பாட்டனாரின் சரித்திரம். வில்லியம் கிளார்க் ஃபாக்னர் என்னும் அவர், 1825இல் டென்னசி மாநிலத்தில் பிறந்து, இளம்பருவத்திலேயே மிசிசிப்பியிலுள்ள ரிப்ளி என்னும் ஊரை வந்தடைந்து, சட்டம் பயின்று வக்கீலாகி, நிலமும் அடிமைகளும் சேர்த்துச் செல்வரானார். 1849இல் ஒரு கைகலப்பில் ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றும், இரண்டாண்டுகளுக்குப் பின் மற்றொருவரைச் சுட்டுக் கொன்றும், இரு வழக்குகளிலும் விடுதலை பெற்றார். 1861இல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது இரண்டாம் மிசிசிப்பிக் காலாட்படையின் கர்னலாகி, மனாசஸ் போர்க்களத்தில் தீரத்துடன் போரிட்டும், மறு ஆண்டு அப்படையினரே நடத்திய தேர்தலில் பதவியிழந்து ஊர் திரும்பித் தாமாகவே வேறொரு படை திரட்டினார். தென்னாடு தோற்றுப் பாழ்பட்ட பிறகும் மனந்தளராமல் ரிப்ளியிலிருந்து டென்னசி எல்லைக்கு அப்பாலுள்ள மிடில்டன் வரை இருப்புப்பாதை அமைத்தார். 1881இல் 'தி ஒயிட் ரோஸ் ஆஃப் மெம்ஃபிஸ்' என்னும் நாவலை நூலாக வெளியிட்டுப் புகழும் எய்தினார். 1889 நவம்பரில், மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்றே, முன்னர் இருப்புப்பாதைத் தொழிலில் கூட்டாளியாயிருந்து பின்னர்ப் பகைவரான ஒருவரால் ரிப்ளி சதுக்கத்தில் சுடப்பட்டு மறுநாள் மாண்டார். சுட்டவரும் விடுதலையானார்.

வீரமும் குரூரமும், ஆக்கமும் பேராசையும் இவ்வாறு ஒரே மனிதரிடம் பின்னிக் கிடந்த இந்த வரலாற்றை, அவர் இறந்து எட்டாண்டுகளுக்குப் பின் பிறந்த கொள்ளுப்பேரன் பெரியோர் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தார். கொள்ளுத்தாத்தாவைப் போல எழுத்தாளனாவேன் என்று பள்ளிப் பருவத்திலேயே அவர் சொன்னதாகக் கூறுவர். இவருடைய புனைகதைகளில் வரும் கர்னல் சார்ட்டோரிஸ் என்னும் பாத்திரம் அப்பெரியவரின் பிரதிபிம்பமே. கதை கேட்கும் பழக்கத்திற்கு மற்றொரு மூலமும் இருந்தது: அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் இக்குடும்பத்துக் குழந்தைகளை வளர்த்த கரோலின் பார் என்னும் கறுப்பின மூதாட்டி. 1940இல் அவர் மறைந்தபோது இறுதிச் சடங்கில் உரையாற்றிய ஃபாக்னர், 1942இல் வெளியான 'கோ டவுன், மோசஸ்' நூலை அவருக்கே சமர்ப்பித்தார்.

1918இல் டொரன்டோ நகரில் பிரிட்டிஷ் விமானப்படைப் பயிற்சியில் சேர்ந்தபோது தம் குடும்பப் பெயரில் ஓர் உயிரெழுத்தைத் தாமே கூட்டிக்கொண்டார். பயிற்சி முடிவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது; ஆயினும் போரில் காயமுற்றவர் போலவே ஊர் திரும்பினார். 1921 முதல் 1924 வரை மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் தபால் அலுவலராக இருந்தார். 1925இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சனின் சிநேகம் கிட்ட, கவிதையை விடுத்து நாவலுக்குத் திரும்பினார். முதல் நாவல் 'சோல்ஜர்ஸ் பே' 1926இல் வந்தது.

1929 முதல் 1936 வரையிலான ஆண்டுகளே இவருடைய பொற்காலம். வீழ்ந்துபட்ட காம்ப்சன் குடும்பத்தின் கதையை, அறிவு வளராத ஒருவனின் நினைவோட்டத்தில் தொடங்கி, அவனுடைய சகோதரர் இருவரின் மனங்கள் வழியாக நடத்தி, ஆசிரியர் கூற்றில் முடிக்கும் 'தி சவுண்டு அண்டு தி ஃபியூரி' 1929இல் வெளிவந்தது. பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே சில வாரங்களில் எழுதிய 'ஆஸ் ஐ லே டையிங்' 1930இலும், 'லைட் இன் ஆகஸ்ட்' 1932இலும் தொடர்ந்தன. 1936இல் வந்த 'அப்சலம், அப்சலம்!' இவருடைய தலைசிறந்த படைப்பு. ஏழ்மையிலிருந்து எழுந்து, அடிமைகளின் உழைப்பால் ஒரு வம்சத்தை நிறுவ முயன்று, நிறபேதத்தாலேயே அதை அழித்துக்கொண்ட சட்பன் என்பவனின் கதையைப் பலர் பலவாறு ஊகித்துச் சொல்லுமாறு அமைத்த இந்நாவலில், பக்கக்கணக்கில் நீளும் வாக்கியங்கள் வாசகரைத் தடுமாறச் செய்யினும், கடந்த காலம் கடந்துபோவதில்லை என்னும் தரிசனத்திற்கு அவையே உரிய வடிவம். இந்நூலுடன் தம் கற்பனை மாவட்டமான யோக்னபடாஃபாவின் வரைபடத்தையும் சேர்த்து, 2,400 சதுர மைல் பரப்பு, வெள்ளையர் 6,298, கறுப்பர் 9,313 எனக் குறித்து, தாமே அதன் ஏக உரிமையாளர் என்றும் எழுதிவைத்தார்.

இந்நூல்கள் குடும்பத்தைக் காக்கப் போதிய வருவாய் தரவில்லை. ஆகவே 1932 முதல் அவ்வப்போது ஹாலிவுட் சென்று, ஹோவர்டு ஹாக்ஸ் முதலியோரின் படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் இவருடைய நூல்களில் பெரும்பாலானவை அச்சில் இல்லாமற்போயின. விமர்சகர் மால்கம் கௌலி 1946இல் தொகுத்த திரட்டுநூலே இவரை மீட்டது. 1950 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசைப் பெற்றார். பிற்காலத்து 'எ ஃபேபிள்' புலிட்சர் பரிசு பெற்றதாயினும் முந்தியவற்றின் உயரத்தை எட்டவில்லை.

தென்னாட்டில் இனப் பிரிவினையை ஒழிப்பதில் நிதானம் வேண்டுமென 1956இல் 'லைஃப்' பத்திரிகையில் இவர் எழுதிய கடிதம், இவருடைய நாவல்களே கண்டு சொன்ன உண்மைக்குப் பின்தங்கியது. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அதைக் கண்டித்தது முற்றிலும் நியாயம். பல தலைமுறைகளாகக் காத்திருந்தவர்களை இன்னும் காத்திருக்கச் சொல்வது, அடிமைமுறையின் பாவத்தை இவ்வளவு ஆழமாக உணர்ந்த ஓர் எழுத்தாளருக்கு அடுக்காது.

மதுப்பழக்கமும் குதிரையிலிருந்து விழுந்த காயங்களும் இறுதிக் காலத்தில் உடலை நலித்தன. 1962 ஜூலை 6இல் மிசிசிப்பியின் பைஹேலியா என்னும் ஊரில் மாரடைப்பால் காலமானார். கொள்ளுப்பாட்டனார் பிறந்த நாளும் ஜூலை 6. அவ்வாண்டில் வெளியான கடைசி நாவல் 'தி ரீவர்ஸ்' மறைவுக்குப் பின் இரண்டாவது புலிட்சர் பரிசைப் பெற்றுத் தந்தது. 1930இல் இவர் வாங்கிய ரோவன் ஓக் இல்லம் இப்போது மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் காட்சிசாலையாக உள்ளது. அமெரிக்கப் புனைகதைக்கான பென்/ஃபாக்னர் விருது ஆண்டுதோறும் இவர் பெயரால் வழங்கப்படுகிறது.