வாதி ரம்: பதவீகளின் விருந்தறம்

ஜோர்தான் நாட்டின் தென்பகுதியில், அகபா துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் விரிந்து கிடக்கிறது வாதி ரம் பள்ளத்தாக்கு. செம்மணல் வெளியில் செங்குத்தாக எழுந்து நிற்கும் மணற்பாறை மலைகள். அவற்றின் அடிவாரங்களில் ஆங்காங்கே கசியும் சிற்றூற்றுகள். அவ்வூற்றுகளை நம்பி மனிதர் இங்கு வந்து சென்ற வரலாறு மிக நீண்டது. பாறைகளில் 25,000 செதுக்குருவங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் அதற்குச் சான்று கூறுகின்றன. 2011இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுத் தலமாக அறிவித்தது.

மேலைநாட்டார் பெடோயின் என அழைக்கும் பதவீ அரபிகளின் நிலம் இது. இங்கு ஓர் இரவு தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. மாலையில், ஆட்டு மயிரால் நெய்த கருங்கூடாரம் ஒன்றின்முன் எமது வாகனம் நின்றது. முதியவர் ஒருவர் ஸலாம் கூறி வரவேற்று அமரச் செய்தார். நாம் யார், எதற்காக வந்தோம் என்று அவர் வினவவில்லை. காபிக்கொட்டையை வறுத்து, மிஹ்பாஷ் எனப்படும் மர உரலில் தாளம் தவறாமல் இடிக்கலானார். அவ்வோசை அண்டைக் கூடாரங்களுக்கு ஓர் அறிவிப்பு. சற்று நேரத்தில் மேலும் இருவர் வந்து எம்முடன் அமர்ந்தனர்.

சிறு கிண்ணத்தில் சிறிதளவே காபி ஊற்றுவர். நிரம்ப ஊற்றுவது விருந்தாளியை விரைந்து அனுப்பும் குறிப்பாகும். முதற்கிண்ணம் விருந்தினருக்கு, இரண்டாவது இன்பத்திற்கு, மூன்றாவது வாளுக்கு என்பது வழக்கு. மூன்றாவதை அருந்தியவர், ஆபத்து நேர்ந்தால் அக்கூடாரத்தாருடன் நின்று போரிடக் கடமைப்பட்டவர். வேண்டுகோளுடன் வந்தவரோ, அது ஏற்கப்படும்வரை கிண்ணத்தைத் தொடாமல் கீழே வைத்திருப்பார். உணவும் புகலும் இங்கு ஒன்றோடொன்று பிணைந்தவை. நீரின்றி ஒரு பகல் தாங்காத நிலத்தில், இன்று வாயில் திறப்பவன் நாளை வழிப்போக்கன் ஆகலாம்.

காபி அரபுலகில் பரவியது 15ஆம் நூற்றாண்டில், யமன் வழியாக. விருந்தறமோ அதனினும் பன்மடங்கு பழமையானது. இஸ்லாத்திற்கு முந்திய தய்யு குலத்துக் கவிஞர் ஹாத்தமின் பெயர் இன்றும் கொடைக்கு மறுபெயராக வழங்குகிறது. எனினும் அக்காலக் கொடையில் குலப்பெருமையும் கலந்திருந்தது. இருவர் போட்டியிட்டு ஒட்டகங்களை வெட்டிச் சாய்ப்பர். முதலில் ஓய்பவர் தோற்றவர். முஆகரா எனப்பட்ட இவ்வழக்கத்தின் இறைச்சியை உண்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். பின்னர், கவிஞர் ஃபரஸ்தக்கின் தந்தை காலிப், ஸுஹைம் என்பவருடன் கூஃபா அருகே இவ்வாறு போட்டியிட்டபோது, அலீ (ரலி) அவர்கள் அவ்விறைச்சியை உண்ணலாகாது என மக்களைத் தடுத்தார்கள்.

பெருமையை விலக்கிய இஸ்லாம் விருந்தை ஈமானுடன் இணைத்தது, அளவும் வகுத்தது. ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசாரம், மூன்று நாள் விருந்து, அதற்கு மேற்பட்டது தர்மம் என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. விருந்தளிப்பவர் இடர்ப்படும் அளவுக்குத் தங்குவதும் விலக்கப்பட்டது. இதனால் விருந்தாளிக்கும் கடமை உண்டாயிற்று. பிள்ளைகளைத் துயில வைத்து, விளக்கை அணைத்து, தாமும் உண்பதுபோல் காட்டி, இருந்த உணவனைத்தையும் விருந்தாளிக்கு அளித்த அன்ஸாரித் தம்பதியரிடம் பறைசாற்றுவதற்கு ஒட்டகங்கள் இல்லை. அந்த இருளில் காண்போரும் இல்லை.

இன்றைய வாதி ரம் மாறியிருக்கிறது. 1962இல் வெளிவந்த லாரன்ஸ் திரைப்படம் இதனை உலகறியச் செய்தது. 1998இல் இது பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. மேய்ச்சலைக் கைவிட்ட பலர் சுற்றுலாவால் வாழ்கின்றனர். அதைக் குறை கூறுவதற்கில்லை. பிழைப்புக்கு வேறு வழி குறைவு. ஆயினும் கட்டணம் செலுத்தியவர் விருந்தாளியா, வாடிக்கையாளரா என்னும் கேள்வி எழாமல் இல்லை.

அதற்கு அம்முதியவரின் நடத்தையில் ஒரு விடை கிடைத்தது. மறுநாள் காலை, வாகனத்திற்கும் இரவுத் தங்கலுக்கும் பேசிய தொகையை அவருடைய மகன் எண்ணி வாங்கிக்கொண்டார். காபிக்கென நாம் நீட்டிய பணத்தை முதியவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. விடைபெறும்போதுதான், எந்த நாட்டினர் நீங்கள் என்று முதன்முறையாகக் கேட்டார்.