கியர் இல்லாத டிராக்டரும் தேய்ந்துபோன ஒரு துளையும்

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் என் மகன் வீட்டில் ஒரு கோடை முழுவதும் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என் வயதுதான். அவருடைய கொட்டகையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சின்ன டிராக்டர் நின்றது. கப் கேடட் 129 என்று பெயர். அவருடைய அப்பா 1972இல் புதிதாக வாங்கியதாம். பக்கத்தில் அதே மாடலில் இன்னொன்று, எஞ்சின் போனது.

"அப்பா வண்டியில் ஹைட்ரோ போய்விட்டது. நிறுத்தினாலும் மெல்ல நகருகிறது, கிளம்பும்போது குதிக்கிறது. இதிலிருந்து கழற்றி அதில் மாட்டப்போகிறேன்" என்றார்.

ஹைட்ரோ என்றால் என்ன என்று கேட்டேன். அன்று மாலை அவர் சொன்னதும், ஊர் திரும்பிய பிறகு நான் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

கார்டன் டிராக்டர் வயல் உழுகிற டிராக்டர் அல்ல. பெரிய வீட்டு மனைகளில் புல் வெட்டவும், காய்கறிப் பாத்தி உழவும், குளிர்காலத்தில் பனி தள்ளவும் உதவுகிற பத்துப் பன்னிரண்டு குதிரைசக்தி வண்டி. புல் வெட்டுகிறவர் மரத்தைச் சுற்றி வர வேண்டும், மூலைக்கு மூலை பின்வாங்க வேண்டும். கியர் வண்டியில் ஒவ்வொரு தடவையும் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றியே கால் ஓய்ந்துவிடும்.

இந்தத் தொல்லைக்கு வந்த மருந்துதான் ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷன். எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை அழுத்தி ஒரு மோட்டாருக்கு அனுப்பும். மோட்டார் பின்சக்கரங்களைச் சுழற்றும். பம்புக்குள் சின்னச் சின்ன பிஸ்டன்கள் வட்டமாக இருக்கும். அவை ஒரு சாய்தட்டின் மேல் ஓடும். தட்டு நேராக நின்றால் பிஸ்டன் நகராது, எண்ணெய் போகாது, வண்டி நிற்கும். தட்டைச் சாய்க்கச் சாய்க்க வேகம் கூடும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் வண்டி பின்னால் போகும். எல்லாம் ஒரே நெம்புகோலில். கிளட்சே கிடையாது.

இதன் அடிப்படை, நம் புதுவை பிரெஞ்சுப் பள்ளியில் 'பஸ்கால்' என்றும், எதிர்த்தெருத் தமிழ்ப் பள்ளியில் 'பாஸ்கல்' என்றும் படித்தோமே, அவருடைய 17ஆம் நூற்றாண்டு விதிதான். அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அதை இப்படி இயந்திரமாக்கியவர்களில் முக்கியமானவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வி வில்லியம்ஸும் ரெனால்ட் ஜானியும். போர்க்கப்பலில் பீரங்கி மேடையை அசைக்க அது பயன்பட்டது. 1954இல் இங்கிலாந்தின் தேசிய வேளாண் பொறியியல் நிறுவனம் ஹைட்ரோஸ்டாடிக் முறையில் ஓடும் ஒரு சோதனை டிராக்டரைச் செய்து காட்டியது. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டின் சன்ட்ஸ்ட்ராண்ட் நிறுவனம் விமானங்களின் ஜெனரேட்டரை ஒரே வேகத்தில் சுழற்ற இதே வித்தையைப் பயன்படுத்தியது. அந்த சன்ட்ஸ்ட்ராண்டின் பம்புதான் பிறகு புல்தரைக்கு இறங்கி வந்தது.

1960களின் நடுவில் வீல் ஹார்ஸ் கம்பெனி ஹைட்ரோ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் கப் கேடட் 123ஐ இறக்கியது. 1968 வாக்கில் ஜான் டீர் 140 வந்தது. கேஸ் கம்பெனி மட்டும் வேறு வழியில் போனது. சாதாரண கியர் பம்பு ஒன்று, மோட்டார் ஒன்று, நடுவில் ஒரு வால்வு. வேகத்தைக் குறைத்தால் மிச்ச எண்ணெய் வால்வு வழியே திரும்பிவிடும். எளிமையானது, முரட்டு உழைப்புத் தாங்கும். ஆனால் மெதுவாகப் போகும்போது சக்தி சூடாக வீணாகும்.

மாற்றிப் பொருத்த நினைப்பவர்கள் இந்த வேறுபாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீல் ஹார்ஸில் முதலில் சன்ட்ஸ்ட்ராண்ட், பிறகு ஈட்டன். சன்ட்ஸ்ட்ராண்டில் சாய்தட்டும் பிஸ்டனும். ஈட்டன் 1100இல் பிஸ்டனுக்குப் பதில் எஃகு உருண்டைகள். முன்னதற்கு ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் ஆயில், பின்னதற்கு எஞ்சின் ஆயில். ஒன்றின் எண்ணெயை மற்றதில் ஊற்றக் கூடாது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க நினைத்தால், பெரும்பாலும் பின் அச்சோடு சேர்த்து முழுதாகவே மாற்ற வேண்டியிருக்கும்.

கப் கேடட்டில் 128, 129 இரண்டும் 1971இல் வந்தவை. இரண்டிலும் பன்னிரண்டு குதிரைசக்தி எஞ்சின். 128 கியர், 129 ஹைட்ரோ. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கியர் வண்டியை ஹைட்ரோ ஆக்குவது பம்பை மட்டும் மாட்டுகிற வேலையல்ல. கிளட்சோடு கூடிய தண்டு போய் நேர்த்தண்டு வர வேண்டும். பின்பெட்டியின் உள்பற்சக்கரங்கள், மிதிகள், நெம்புகோல் எல்லாம் மாற வேண்டும். அதனால் அனுபவசாலிகள் இன்னொரு முழு வண்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள்.

நம் பெரியவரிடமும் அப்படி ஒரு வண்டி இருந்தது. மறுநாள் கழற்ற உட்கார்ந்தோம். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் எடுபிடி. கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். "எஞ்சின் சூடான பிறகு இழுவை குறைகிறதா?" ஏனென்றால் முந்தின நாள் அவரே சொல்லியிருந்தார்: பம்பு உள்ளே தேய்ந்திருந்தால், எண்ணெய் சூடாகி நீர்த்ததும் இடுக்குகளில் கசியும், மேடு ஏறாது என்று.

அவர் யோசித்தார். "இல்லை. இழுவை குறையவே இல்லை."

அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ. நெம்புகோலிலிருந்து சாய்தட்டுக்குப் போகும் வழியைப் பார்த்தோம். சாய்தட்டின் அச்சோடு வெளியே ஒரு பட்டை. அதில் நீளமான துளைகள், துளைக்குள் ஒரு முனை. ஐம்பது வருட உரசலில் துளை அகன்றுபோயிருந்தது. நெம்புகோல் நடுவில் நின்றாலும் தட்டு நடுவில் நிற்கவில்லை. அதுதான் நகர்வு, அதுதான் குதிப்பு. இந்த மாடல்களில் இது வழக்கமான தேய்மானமாம். அவருக்கே தெரிந்த விஷயம். அப்பாவின் வண்டி என்ற பதற்றத்தில் மறந்துவிட்டார்.

பட்டையில் வெல்டிங் வைத்து, அரத்தால் ராவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். பின்பெட்டியில் புது எண்ணெய் ஊற்றி, வடிகட்டியையும் மாற்றினார். மூன்றாம் நாள் வண்டி நின்ற இடத்தில் நின்றது. அப்பா வாங்கிய பம்பு அதே இடத்தில் இருக்கிறது. மற்ற வண்டியும் பிரிபடாமல் தப்பியது.

முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். தகராறு வந்தால் கோப்பைப் புரட்டாமல் ஆளை மாற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். புது ஆள் வந்த பிறகும் தகராறு அங்கேயே இருக்கும். அந்தப் பெரியவர் கொட்டகையில் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருந்தபோது, அப்படி மாற்றல் ஆன சிலருடைய முகங்கள் நினைவுக்கு வந்தன. அந்த உத்தரவுகளில் சிலவற்றைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.