லயத்து மனையும் நாளொழுங்கும்: ரிங்லெட் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து

முன்னுரை

மலேசியத் தோட்டத் தமிழர் வரலாறு பெரும்பாலும் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம் என்னும் மூன்று தலைப்புகளுக்குள்ளேயே எழுதப்பட்டு வந்துள்ளது. தொழிலாளர் குடும்பம் தன் மனையை எவ்வாறு ஒழுங்குபடுத்திக்கொண்டது என்னும் வினா அவற்றுள் அருகியே இடம்பெறுகிறது. உழைக்கும் கைகளை நாள்தோறும் ஆயத்தப்படுத்தியது அம்மனையே. ஆதலின், அதனைத் தோட்டப் பொருளியலின் ஒரு பகுதியாகவே கருதவேண்டும் என்பது நமது துணிபு. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் ரிங்லெட் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு இக்கருத்தை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

தோட்டங்களின் தோற்றம்

1885இல் வில்லியம் கேமரன் மேற்கொண்ட நில அளவைப் பயணத்தால் இம்மலைக்கு அவர் பெயர் அமைந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலைப் பயிர் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் இணைந்து, ரிங்லெட்டை அடுத்த பகுதியில் போ தோட்டத்தை நிறுவினார். தென்னிந்தியத் தமிழர் இத்தோட்டங்களில் தொழிலாளராயினர். 1938இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. தமிழகத்திலிருந்து புதிய தொழிலாளர் வருவது அருகவே, தோட்டத்திலேயே வாழ்ந்த குடும்பங்கள்தாம் அடுத்த தலைமுறைத் தொழிலாளரையும் உருவாக்க வேண்டியதாயிற்று.

இடத்தின் ஒழுங்கு

தோட்டக் குடியிருப்பைக் குறிக்கும் 'லயம்' என்னும் சொல், வரிசை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். நிருவாகம் கண்டது வீடுகளின் வரிசையையே. அதனை மனையாக்கியவர் பெண்டிர். பழைய லயங்களில் பொதுவாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது சிறியதோர் அறையும் அடுப்படியுமே. ஆகவே, ஓரிடமே பல பயன்களை ஏற்றது. இரவில் பாய் விரித்த தரை, விடிந்ததும் பாய் சுருட்டப்பட்டு உண்ணும் இடமாயிற்று. தகரப்பெட்டியும் துணி போடும் கொடியும் அலமாரியின் வேலையைச் செய்தன. உத்தரத்தில் தூளியும் சுவரோரம் சாமி மேடையும் இடம்பெற்றன. குளிரும் மழையும் மிக்க மலைநாட்டில் விறகையும் துணியையும் ஈரமின்றிக் காப்பது தனியொரு பணி. அடுப்பின் வெப்பமே அதற்கும் துணைநின்றது.

காலத்தின் ஒழுங்கு

இரப்பர்த் தோட்டத்து நாளும் தேயிலைத் தோட்டத்து நாளும் ஒன்றல்ல என்பதை நாம் இங்குச் சிறப்பாகக் கருதவேண்டும். குளிர்ந்த வேளையில் பால் மிகுதியாக வடிவதால் இரப்பர் மரம் சீவும் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கி, நண்பகலை ஒட்டி முடிவடையும். கொழுந்தெடுப்போ பகல் முழுவதும் நீள்வது. ஆண்டு முழுவதும் துளிர் விடுவதால் ஓய்வுப் பருவமும் இல்லாதது. கொழுந்தெடுப்போருள் பெண்களே மிகுதியாக இருந்தமையால், வீட்டுவேலை பகலின் இரு முனைகளுக்கும் தள்ளப்பட்டது. பெரட்டுக்கு முன் நீர் பிடித்தல், சமைத்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தல், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விடுதல் ஆகியன முடிந்தாக வேண்டும். கொழுந்தின் எடை பதிவேட்டில் ஏறியது. இவ்வுழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வருவாய்க்குத் தக்க வாழ்வை மனையாளின் மாட்சியாகத் திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம் போற்றுகிறது. லயத்துப் பெண்ணோ அவ்வருவாயையும் தானே ஈட்டியவள்.

சட்டமும் வீடும்

1966ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்ட வீட்டிற்குத் தர வரையறை வகுத்தன. ஆயினும், அவை வீட்டைத் தொழிலாளர்க்கு உடைமையாக்கவில்லை. வேலை நீங்கினால் வீடும் நீங்கும் நிலையில், எத்துணைச் செம்மையாகப் பேணினும் அம்மனை இரவல் மனையாகவே இருந்தது. பிள்ளைகளின் கல்வியைப் பெற்றோர் பெரிதும் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

முடிவுரை

இன்று கொழுந்தெடுப்போருள் பெரும்பகுதியினர் அயல்நாட்டுத் தொழிலாளர். லயத்தில் மனை நடத்திய மூத்த பெண்களின் நினைவே இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றாக எஞ்சியுள்ளது. பெரட்டு, ஆயாக்கொட்டகை முதலிய சொற்களும் அவர்களோடு மறையும் நிலையில் உள்ளன. தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு பாட்டிமாரின் ஒருநாள் பொழுதை அவர்தம் சொற்களிலேயே எழுதுவிப்பாராயின், பதிவேடுகள் விட்டுவிட்ட உழைப்பு வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறும்.